பொலிகாளையைப் பார்த்து மஞ்சுவிரட்டுக் கன்று வாங்குவது எப்படி: முதல் மாடு எடுப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

தை மூன்றாம் நாள் சிவகங்கை மாவட்டத்துச் சிராவயலில் மஞ்சுவிரட்டு முடிந்ததும் எனக்குத் தொலைபேசி அழைப்புகள் வர ஆரம்பித்துவிடும். எல்லாம் ஒரே கேள்விதான். "அண்ணே, இன்ன ஊர் காளைக்குப் பிறந்த கன்று ஒன்று விலைக்கு வருதாம். எடுக்கலாமா?" களத்தில் ஒரு மாடு நின்று ஆடியதைப் பார்த்த சூட்டோடு, அதன் பிள்ளை என்று யார் எதைக் காட்டினாலும் பணத்தை நீட்டத் தயாராக இருப்பார்கள்.

அப்பனை, அதாவது இனப்பெருக்கத்துக்கு விடும் பொலிகாளையைப் பார்த்துக் கன்று எடுப்பது தவறான வழி இல்லை. நானும் அப்படித்தான் எடுக்கிறேன். ஆனால் அதற்கு ஒரு வரிசை இருக்கிறது. சந்தைக்குப் போய்க் கன்றைப் பார்த்துவிட்டு, பிறகு அப்பனை விசாரித்தால், மனம் முன்பே கன்றிடம் போயிருக்கும். அப்புறம் கேட்கிற பதிலெல்லாம் நல்ல பதிலாகவே காதில் விழும். அதனால் கீழே உள்ளதை இதே வரிசையில் செய்யுங்கள். இரண்டு பல் போட்ட, அல்லது போடப் போகிற, அதாவது ஏறத்தாழ இரண்டு வயதுக் காளங்கன்று எடுப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

1. எந்தக் களத்துக்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

சிராவயல், கண்டுப்பட்டி போன்ற இடங்களில் தொழுவில் (மாடுகளை அடைத்து அவிழ்த்துவிடும் இடம்) இருந்து வரும் மாடும் உண்டு, வெளியே பொட்டலிலும் வயலிலும் அவிழ்த்துவிடும் கட்டுமாடும் உண்டு. வடமாடு வேறு: நடுவில் நீளமான வடத்தில் கட்டி, ஒன்பது பேர் கொண்ட குழு குறித்த நேரத்துக்குள் அடக்க வேண்டும். மதுரைப் பக்கத்து வாடிவாசல் இன்னொரு கணக்கு.

ஒவ்வொன்றுக்கும் வேண்டிய குணம் வேறு. திறந்த வெளியில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்விடும் மாட்டின் வேகம், வடத்தில் கட்டினால் பயன்படாது. வடத்தில் நிற்கும் மாடு இடத்திலேயே திரும்ப வேண்டும், ஆளைக் குறித்து நிற்க வேண்டும், கடைசி நிமிடம் வரை மூச்சு இருக்க வேண்டும்.

புதியவர்கள் இங்கேதான் முதலில் தவறுகிறார்கள். வாடிவாசலில் பேர் வாங்கிய காளையின் கன்றை வடத்துக்கு என்று எடுக்கிறார்கள். காளையின் பேர் எந்தக் களத்தில் வந்ததோ, அந்தக் களத்துக்குத்தான் அந்தப் பேர் சாட்சி.

2. கிளம்புவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நோட்டுப் புத்தகம். நினைவை நம்பாதீர்கள். நாலு ஊர் சுற்றினால் எந்தக் கன்று எந்தத் தாய்க்கு என்பது குழம்பிவிடும்.

தமிழ் மாதம், ஆங்கில மாதம் இரண்டும் உள்ள பழைய நாட்காட்டிகள், மூன்று வருடத்துக்கு. எதற்கு என்பது அடுத்த பகுதியில் தெரியும்.

உங்களோடு வர ஒரு பெரியவர். மாடு தெரிந்தவராக இருந்தால் மட்டும் போதாது, அந்தக் காளையின் உரிமையாளருக்கும் விற்பவருக்கும் உறவோ பாக்கியோ இல்லாதவராக இருக்க வேண்டும்.

காலமும் முக்கியம். கார்த்திகை, மார்கழியில் விலை ஏறியிருக்கும், எல்லா மாடும் பருத்திக்கொட்டையும் உளுந்தும் தின்று மினுமினுக்கும். பங்குனி முதல் ஆனி வரை எடுங்கள். தீவனம் குறைந்த வெயில் காலத்தில் மாட்டின் எலும்பும் நடையும் மறைக்க முடியாமல் வெளியே தெரியும். அடுத்த தை வரை பழக்கவும் உங்களுக்கு நாள் கிடைக்கும்.

3. அப்பன் உண்மையில் அந்தக் காளைதானா? நாளை எண்ணிப் பாருங்கள்

பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 முதல் 285 நாள். ஒன்பது மாதம் பத்து நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கன்று பிறந்த நாளிலிருந்து அதைப் பின்னோக்கி எண்ணினால் பசு காளைக்குச் சேர்ந்த நாள் வந்துவிடும். சித்திரையில் பிறந்த கன்று என்றால், முந்தைய ஆனிக் கடைசியிலோ ஆடித் தொடக்கத்திலோ சேர்ந்திருக்க வேண்டும்.

அந்த நாளில் அந்தக் காளை எங்கே இருந்தது? இந்த ஒரு கேள்வியிலேயே பல கதைகள் உடைந்துபோகும்.

நான் இதைப் பணம் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். முதல் கன்றை ஒரு வைகாசியில் வாங்கினேன். மாசி நடுவில் பிறந்தது, பேர் பெற்ற ஒரு காளையின் பிள்ளை என்று சொன்னார்கள். ஆறு மாதம் கழித்து ஒரு துக்க வீட்டில் அந்தக் காளையின் உரிமையாளரைச் சந்தித்தேன். கன்று பிறந்த கணக்கைச் சொன்னதும் அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "தம்பி, கன்று பிறந்ததற்கு முந்தின வைகாசியில் இவன் முன்னங்கால் அடிபட்டு எழுந்து நிற்கவே இல்லையே. எப்படிச் சேர்ந்திருப்பான்?" என்றார். அவருக்கே சங்கடமாகிவிட்டது. நான் கொடுத்த விலையில் பாதி அந்தக் காளையின் பேருக்குக் கொடுத்தது.

பிறந்த நாளை விற்பவர் மாற்றிச் சொல்லலாம். பல் மாறாது. நம் நாட்டு மாடுகளில் முதல் இரண்டு பல் ஏறத்தாழ இரண்டு வயதிலிருந்து இரண்டரை வயதுக்குள் விழுந்து முளைக்கும், நாலு பல் மூன்று வயதை ஒட்டி வரும். ஒன்றரை வயது என்கிற கன்றுக்கு இரண்டு பல்லும் முழுசாக ஏறி நின்றால், சேர்ந்த நாளும் அரை வருடத்துக்கு மேல் பின்னே போகிறது என்று பொருள். புதுக் கணக்குப்படி மறுபடி கேளுங்கள்: அப்போது காளை எங்கே?

கிடையில் பிறந்த கன்று என்றால் இன்னும் கவனம் வேண்டும். புலிக்குளம் இன மாட்டுக் கிடைகளில் நூற்றுக்கணக்கில் மாடு இருக்கும், பொலிகாளையும் ஒன்றுக்கு மேல் நிற்கும். எந்தக் காளை எந்தப் பசுவோடு சேர்ந்தது என்பதைக் கிடையை மேய்த்து நடத்தும் கீதாரி ஒருவரால்தான் சொல்ல முடியும், அவராலும் எல்லாவற்றுக்கும் சொல்ல முடியாது. நேர்மையான கீதாரி "இது அவனாகவும் இருக்கலாம், இன்னொருத்தனாகவும் இருக்கலாம்" என்பார். அப்படிச் சொல்பவரிடம் தைரியமாக வாங்குங்கள், விலையை மட்டும் இரண்டு காளைக்கும் பொதுவாகப் பேசுங்கள்.

சினை ஊசியில் பிறந்தது என்றால் கேள்வி எளிது. உறைவிந்துக் குச்சியிலேயே காளையின் எண் அச்சிட்டிருக்கும், ஊசி போட்டவரின் பதிவேட்டிலும் இருக்கும். அந்த எண்ணைக் காட்டச் சொல்லுங்கள்.

4. காளையைப் பார்த்தது போதும், அதன் பிள்ளைகளை எண்ணுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நாள் ஒதுக்க வேண்டும். ஒரு மாதமானாலும் பரவாயில்லை.

காளை தானே களத்தில் ஆடியது அதன் திறமை. அது பிள்ளைக்கு இறங்குமா என்பது வேறு கேள்வி, அதற்குப் பிள்ளைகள்தான் பதில். ஒரே காளைக்குப் பிறந்த பத்துக் கன்றும் பத்து விதமாக இருக்கும், பாதி தாயிடமிருந்து வருகிறது.

எல்லோரும் செய்வது என்ன? அந்தக் காளைக்குப் பிறந்து பேர் வாங்கிய ஒன்றிரண்டு மாட்டின் பேரைச் சொல்வார்கள், அதோடு விசாரணை முடிந்துவிடும். நீங்கள் கேட்க வேண்டியது மொத்தம் எத்தனை பிறந்தது என்பதை. காளை சேர்க்கப் பணம் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரு குறிப்பு வைத்திருப்பார்கள், இல்லாவிட்டாலும் ஊர்ப் பேர்கள் நினைவில் இருக்கும். நாற்பது பசு சினைப்பட்டது என்று வையுங்கள். ஏறத்தாழ இருபது கிடாரியாக (பெண் கன்றாக) போகும். மிச்சம் இருபதில் களத்துக்கு வந்தது எத்தனை, இன்னும் அவிழ்க்கப்படுவது எத்தனை, பிடிபட்டு உழவுக்கோ வண்டிக்கோ போனது எத்தனை, யாருக்குமே தெரியாமல் சந்தையில் கரைந்தது எத்தனை என்று எழுதுங்கள். இருபதில் இரண்டு மாடு மட்டும் பேர் வாங்கியது என்றால் சாதாரணக் காளை. ஐந்து கன்றில் மூன்று நின்று ஆடுகிறது என்றால், உரிமையாளருக்கே தெரியாத நல்ல பொலிகாளை அது.

அடுத்து, அந்த நல்ல பிள்ளைகளின் தாய் யார் என்று பாருங்கள். பேர் பெற்ற காளையிடம் எல்லோரும் தங்கள் வீட்டின் சிறந்த பசுவைத்தான் ஓட்டிக்கொண்டு வருவார்கள். அப்படிப் பிறந்த கன்று நன்றாக இருந்தால் புகழ் யாருக்கு? இதைப் பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. அதே பசு வேறு காளைக்கு ஈன்ற கன்றைத் தேடிப் பாருங்கள். இரண்டும் ஒரே தரம் என்றால் திறமை பசுவுடையது. இந்தக் காளைக்குப் பிறந்தது மட்டும் மேலாக இருந்தால் காளைக்கு ஒரு புள்ளி கொடுங்கள். சாதாரணப் பசுக்களிடமும் நல்ல கன்று எடுத்துக் கொடுத்திருந்தால் இரண்டு புள்ளி கொடுங்கள்.

வயதுக் கணக்கும் இங்கே வருகிறது. ஒரு காளை மூன்று வயதில் சேர ஆரம்பித்தால் நாலு வயதில் முதல் கன்று பிறக்கும். அந்தக் கன்று நாலு பல் போட்டுக் களத்துக்கு வரும்போது அப்பனுக்கு ஏழு வயது தாண்டியிருக்கும். அதாவது இன்று களத்தில் கொடிகட்டிப் பறக்கிற இளங்காளையின் கன்றுகளுக்கு எந்தச் சாட்சியும் கிடையாது. அதற்குத்தான் சந்தையில் அதிக விலை! இப்படிப்பட்ட கன்றை எடுத்தே ஆக வேண்டும் என்றால், அந்தக் காளையின் அப்பனையும் அதே அப்பனுக்குப் பிறந்த மற்றக் காளைகளின் பிள்ளைகளையும் பார்த்துவிட்டு எடுங்கள்.

என் பார்வையில் லாபமான வாங்கல் வேறு இடத்தில் இருக்கிறது. களத்தை விட்டு ஓய்ந்து, பேர் மங்கி, ஏதோ ஒரு கொட்டகையில் பத்து வயதுக்கு மேல் நிற்கும் காளை. அதன் பெரிய பிள்ளைகள் நாலு ஊரில் ஆடிக்கொண்டிருக்கும், கடைசிக் கன்றுகளோ பேரில்லாமல் விலை குறைவாக நிற்கும். என்னிடம் இப்போது இருக்கும் மாடு அப்படி வந்ததுதான்.

குறைந்தது மூன்று பிள்ளைகளை மூன்று வீடுகளில் நேரில் பாருங்கள். ஒரே வீட்டில் மூன்று நன்றாக இருந்தால் அது அந்த வீட்டு வளர்ப்பாகவும் இருக்கலாம். களத்து வீடியோ மட்டும் பார்த்தால் போதாது, அதில் நன்றாக ஆடியதை மட்டும்தான் வெட்டிப் போட்டிருப்பார்கள். மாசி மகத்தன்று அரளிப்பாறை மஞ்சுவிரட்டில் பாறை மேல் உட்கார்ந்து நாள் முழுக்கப் பார்த்தால், ஒரு மாடு அவிழ்த்த நொடியில் என்ன செய்கிறது, களைத்தபின் என்ன செய்கிறது, வீட்டுக்காரர் கயிறோடு போனால் அடங்குகிறதா என்று மூன்றையும் பார்க்கலாம். மூன்றாவதை யாரும் கவனிப்பதில்லை. கூட்டத்தில் சீறி, சொந்தக்காரரின் குரலுக்குத் தலை தாழ்த்தும் குணம் சில வம்சத்தில் தொடர்ந்து வருகிறது. முதல் மாடு எடுப்பவருக்கு அது மிக அவசியம்.

இன்னொன்று. கன்றின் அப்பனும் தாயின் அப்பனும் ஒரே காளையா என்று கேளுங்கள். கிடையில் காளையை மாற்றாமல் விட்டால் மூன்று நாலு வருடத்தில் அதன் மகளே அதனிடம் சினைப்படும். அப்படிப் பிறக்கும் கன்றுகளில் வளர்ச்சி குன்றுவதும் நோய்த் தாங்கும் சக்தி குறைவதும் அதிகம்.

5. தாய்ப் பசுவின் வீட்டுக்குப் போங்கள்

விற்பவர் தாயைக் காட்டத் தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள். தாய் விற்றுப்போயிருந்தால் எங்கே போயிற்று என்று கேட்டு அங்கே போங்கள்.

கால் நேராக இருக்கிறதா, குளம்பு பிளந்து விரிந்திருக்கிறதா, புது ஆள் வந்தால் என்ன செய்கிறது என்று பாருங்கள். கன்றோடு நிற்கும் பசு உங்களை நோக்கித் தலையை நிமிர்த்தி ஓரடி முன்னே வைத்தால் நல்லது. எத்தனையாவது ஈத்துக் கன்று என்றும் கேளுங்கள். தலையீத்துக் கன்று, அதாவது முதல் கன்று, கொஞ்சம் சிறுத்திருந்தால் அது வம்சக் குறை ஆகாது.

6. இப்போது கன்றைப் பாருங்கள், தலையைக் கடைசியில்

வாசலில் நுழைந்ததும் எல்லோர் கண்ணும் கொம்புக்கும் திமிலுக்கும் போகும். கொம்பின் அழகில் மயங்கியவர் காலைப் பார்க்க மாட்டார். அதனால் நான் வரிசையைத் திருப்பி வைத்திருக்கிறேன்.

முதலில் இருபது முப்பது அடி தள்ளி நின்று, நடக்கவிட்டுப் பாருங்கள். பின்னங்குளம்பு முன்னங்குளம்பு பதிந்த இடத்தை ஒட்டி விழ வேண்டும். இரண்டு பக்கமும் திருப்பச் சொல்லுங்கள். ஒரு பக்கம் மட்டும் சிரமப்பட்டுத் திரும்பினால் காலிலோ இடுப்பிலோ பழைய அடி இருக்கும். மணலில் மட்டும் நடத்திக் காட்டினால் கெட்டித் தரையிலும் நடத்தச் சொல்லுங்கள், நொண்டல் அங்கேதான் தெரியும்.

பிறகு குளம்பு, முழங்கால், பின்னங்கால் மூட்டு. பிறகு நெஞ்சின் அகலம், இடுப்பு, வால். விதை இரண்டும் சமமாக இறங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள், பின்னால் நீங்களே பொலிக்கு விட நினைக்கலாம். அடுத்து கண், மூக்கின் ஈரம், பல். எல்லாம் முடிந்தபின் கொம்பு.

அப்பனைப் போலவே நிறம் என்பதற்குத் தனியாகப் பணம் கொடுக்காதீர்கள். காரி, மயிலை, செவலை என்பதெல்லாம் கண்ணுக்கு. நிறம் இறங்கிய கன்றுக்குக் குணமும் இறங்கியிருக்கும் என்று சொல்ல முடியாது. வளரும்போது நிறம் மாறவும் செய்யும். காங்கேயம் கன்று செந்நிறமாகப் பிறந்து ஏறத்தாழ ஆறு மாதத்தில் சாம்பலுக்கு மாறுவதை எல்லோரும் பார்த்திருப்போம்.

7. சீண்டிக் காட்டுவதை வைத்து முடிவெடுக்காதீர்கள்

விற்பவர் துண்டை வீசுவார், ஒருவர் திமிலைத் தொட ஓடுவார், கன்று துள்ளிக் குதிக்கும். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் பயந்த கன்றும் துள்ளும்.

வெளிநாடுகளில் இரண்டு வயதுப் பந்தயக் குதிரைகளை விற்கும்போது, ஏலத்துக்கு முன் 200 மீட்டர் அளவுக்கு ஓடவிட்டு நேரம் குறித்துக் காட்டுவார்கள். அந்த ஒரு ஓட்டத்துக்கு என்றே குதிரையைத் தயார் செய்திருப்பார்கள் என்பதால், தெரிந்தவர்கள் நேரத்தை மட்டும் பார்க்காமல் ஓடி முடித்தபின் அது எப்படி மூச்சு வாங்குகிறது, எப்படி நடந்து திரும்புகிறது என்று பார்ப்பார்கள். நமக்கும் அதே கணக்குதான்.

சீண்டல் நின்றபின் பாருங்கள். பயந்த கன்று சுவரோரம் ஒதுங்கும், வெள்ளைவிழி தெரியும், சாணி கழியும், நெடுநேரம் நடுங்கும். துணிந்த கன்று நடுவிலேயே நிற்கும், ஆளை நோக்கி முகத்தைத் திருப்பும், காதை முன்னே வைக்கும். ஆள் விலகினால் சீக்கிரம் அமைதியாகி வைக்கோலைத் தேடும்.

அப்புறம், சொல்லாமல் இன்னொரு நாள் அதிகாலையில் போங்கள். யாரும் தயார் செய்யாத நேரத்தில், கட்டுத்தறியில் கன்று எப்படி நிற்கிறது என்பதுதான் அதன் இயல்பு.

8. சுழி

மாட்டின் உடலில் முடி சுழன்று இருக்கும் இடத்தை ராஜசுழி, கோபுரசுழி, பாடைசுழி, துடைப்பச்சுழி என்று பெரியவர்கள் பார்ப்பார்கள். என் அனுபவத்தில் சுழிக்கும் களத்தில் நின்று ஆடுவதற்கும் தொடர்பு இல்லை. ஆனால் ஆகாத சுழி உள்ள மாட்டைத் திருப்பி விற்பது கடினம், வீட்டுப் பெரியவர்கள் மனமும் சங்கடப்படும். அந்த அளவில் பார்த்துக்கொள்ளுங்கள், போதும்.

9. விலை பேசும் முறை

இரண்டு விலையை நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள். ஒன்று, அப்பன் யார் என்றே தெரியாவிட்டால் இந்த உடலுக்கு என்ன கொடுப்பீர்கள் என்பது. இரண்டாவது, மூன்றாம் நான்காம் பகுதிகளில் உறுதியானதை வைத்து மேலே எவ்வளவு சேர்ப்பீர்கள் என்பது. நாள் கணக்கு ஒத்துவரவில்லை என்றால் இரண்டாவது தொகை பூஜ்யம்.

காளையின் பேரை நீங்கள் முதலில் எடுக்காதீர்கள். நீங்கள் அதற்காகத்தான் வந்திருக்கிறீர்கள் என்று தெரிந்தால் தரகர் அதைப் பிடித்துக்கொள்வார். சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்துப் பேசும் பழக்கம் தெரியாவிட்டால், கூட வந்த பெரியவரைப் பேசவிடுங்கள்.

பணம் கொடுக்கும் முன் காதில் மாட்டியிருக்கும் அடையாளத் தோட்டின் 12 இலக்க எண்ணை எழுதுங்கள். கோமாரித் தடுப்பூசி போட்ட நாள், தாயின் அடையாளம், காளையின் ஊர், சேர்ந்த மாதம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி விற்பவரிடம் கையெழுத்து வாங்குங்கள். எழுதச் சொன்னதும் சிலர் "அப்பன் அவன்தான்னு சொன்னாங்க" என்று இறங்கிவிடுவார்கள். அந்த நேரத்தில் இரண்டாவது தொகையைக் குறைத்துப் பேசலாம்.

10. வீட்டுக்கு வந்தபின்

இரண்டு மூன்று வாரம் மற்ற மாடுகளிலிருந்து தள்ளிக் கட்டுங்கள். புது இடத்திலிருந்து வரும் நோய் அந்த நாட்களில்தான் வெளியே தெரியும். கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டுக் குடற்புழு மருந்து கொடுங்கள், விட்டுப்போன தடுப்பூசிகளைப் போடுங்கள். முதல் வாரம் பழைய வீட்டுத் தீவனத்தையே கொடுத்து மெதுவாக மாற்றுங்கள். ஒரே நாளில் பருத்திக்கொட்டையும் பிண்ணாக்கும் அள்ளி வைத்தால் வயிறு உப்பிவிடும்.

முதல் மாதம் தீவனம் வைப்பதும் கயிறு பிடிப்பதும் ஒரே ஆளாக இருக்கட்டும். நண்பர்களைக் கூட்டி வந்து சீண்டிப் பார்க்க வேண்டாம். ஊருணிக்கு நடத்திப் போய் நீச்சல் பழக்குவதை இரண்டாவது மாதம் ஆரம்பிக்கலாம்.

இரண்டு பல்லில் களத்தில் அவிழ்க்காதீர்கள். எலும்பு முற்றியிருக்காது. நாலு பல் சேரட்டும். அப்போது மருத்துவரின் தகுதிச் சான்று, பதிவு எல்லாம் முறைப்படி செய்துகொண்டு போங்கள். போகும்போது அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள். அதே காளையின் மற்றப் பிள்ளைகளும் அன்று தொழுவுக்கு வந்திருக்கும், நான்காம் பகுதியில் நீங்கள் எழுதி வைத்த பட்டியலில் இன்னும் நாலு வரி சேரும்.